கேட்காவிட்டால் கையைத் தூக்கு

கௌதமன் சார் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது வக்கீல் சங்கத்துக்காரர்கள் அல்ல, அவர் வீட்டாரும் அல்ல. ஏழுமலை சொன்னான். தண்டையார்பேட்டையில் என் அலுவலகப் படியில் நின்று, துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். வழக்கமாக ஹாரன் அடித்து "ஏறுக்கா, ஏறு" என்று அவசரப்படுத்துகிறவன், அன்று பேசாமல் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து கொடுத்தான். பிறகு, "பி.பி. சார் பூட்டாருக்கா" என்றான். விடியற்காலையில் மூச்சு முட்டியதாம். அவர் மகள் இவனுக்குத்தான் போன் செய்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், வண்டியின் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சிழுப்புச் சத்தம் நின்றுவிட்டது என்றான்.

இந்த ஏழுமலை யார் என்று சொன்னால்தான் அவன் கொண்டுவந்த செய்தியின் கனம் புரியும். கௌதமன் சார் அரசு வழக்கறிஞராக, அதாவது பி.பி.யாக இருந்தவர். குற்ற வழக்குகளில், போலீஸ் பிடித்து வந்தவர் குற்றவாளிதான் என்று நிரூபிக்க எழுந்து நிற்பவர். நான் அவருக்கு எதிரில் நிற்பவள்; வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக இலவச சட்ட உதவியில் நியமிக்கப்படுகிறவள். கொரோனா காலத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் ஏழுமலை என் கட்சிக்காரன். அவன்தான் கொன்றான் என்று சொல்ல வந்தவர் கௌதமன் சார். அந்த மனிதரைத்தான் அவன் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான்.

செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்பார்கள். அப்படிப் பேசினால் கௌதமன் சாரே எழுந்து ஆட்சேபணை சொல்வார். ஆகவே சொல்லிவிடுகிறேன். அவர் முன்கோபி. எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல கேள்வி ஒன்று கேட்டுவிட்டால், ஊறுகாய் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஜாமீன் மனு என்றாலே எதிர்ப்பு என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பார். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். அந்தச் சிரிப்பு பின்னாளில் அவரிடம் இல்லாமல் போனது.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர். மாடியிலிருந்து கீழே போகிறவர்களைக் கூப்பிட்டே தன் தொண்டை பெருத்தது என்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், "பி.பி. சார் வாதாட ஆரம்பிச்சிட்டாரு" என்று எங்கள் டீக்கடைக்காரர் சொல்வார். நீதிமன்றத்துக்குள் அவர் தமிழ் சட்டப் புத்தகத் தமிழாக இருக்கும். வாசற்படி தாண்டியதும் அது புளியந்தோப்புக்குத் திரும்பிவிடும். உள்ளே என்னை 'கற்றறிந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர்' என்பவர், வெளியே, "இன்னா எதிர்க்கட்சி, டீ துன்னியா?" என்பார். டீயை யாராவது தின்பார்களா என்று நான் கேட்காத நாளில்லை.

வழக்கின் கதை சின்னது. முகத்துவாரக்குப்பத்தில் மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருடம் குப்பத்து இளவட்டங்கள் எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். அன்று மாலை, படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் சேகர் என்பவர் கரையோரத்தில் அடிபட்டு இறந்தார். மீன் விற்கும் பாக்கியம்மாள் மட்டும்தான் பார்த்தவர். "மஞ்சப் பனியன் போட்ட பையன்" என்று போலீசிடம் சொன்னார். போலீஸ் வந்தபோது குப்பத்தில் ஒரு மஞ்சள் பனியனும் இல்லை. விவரம் தெரிந்த பையன்கள் எல்லோரும் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வியாசர்பாடியிலிருந்து அந்தக் குப்பத்தில் பெண் எடுத்த ஏழுமலை. மருமகன் என்று மரியாதை செய்து கொடுத்த பனியன். அதை அவன் ராத்திரிக்கும் கழற்றுவதாக இல்லை. அன்று காலையில் சேகரோடு அவன் வாய்த்தகராறு செய்ததையும் நாலு பேர் பார்த்திருந்தார்கள். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

சில நாட்களில் ஊரடங்கு வந்தது. நீதிமன்றங்கள் மூடின. சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்துவார்களே, பலபேரை வரிசையாக நிறுத்தி, சாட்சியை வரவழைத்து, இதில் யார் என்று கேட்பார்களே, அதுவும் நடக்கவில்லை. பாக்கியம்மாளிடம் கைபேசியில் ஒரு போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் பனியனோடு ஏழுமலை. அவர் தலையாட்டியிருக்கிறார். நான் ஜாமீன் கேட்டேன். கௌதமன் சார் எதிர்த்தார். ஏழுமலையின் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மறுபடி கேட்டேன். காணொளியில் நடந்த விசாரணை அது. வெளியே விட்டால் சாட்சியை மிரட்டுவான் என்று மறுபடியும் எதிர்த்தார். மனு தள்ளுபடியானது. அந்த வாரமே அப்பா இறந்தார். அந்த நாட்களில் எப்படி எடுத்துப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மகன் முகம் பார்க்கவில்லை. அப்பா முகத்தை ஊரில் யாருமே பார்க்கவில்லை.

தொற்று கொஞ்சம் தணிந்து, கட்டுப்பாடுகளோடு நீதிமன்றத்தைத் திறந்தார்கள். விசாரணைக் கைதிகள் உள்ளேயே கிடக்கிறார்கள், கொலை வழக்குகளையாவது நடத்தியாக வேண்டும். எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் நீதிபதி நல்ல மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், பயந்துகொண்டேதான் வந்தார். பந்தல்காரரைக் கூப்பிட்டு மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை கட்டினார்கள். ஏ.சி. கூடாது என்பதால் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். வழக்குக் கட்டுகளை ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுத்தான் தொடுவோம். சாட்சிக் கூண்டை ஒவ்வொரு சாட்சிக்குப் பிறகும் துடைக்க ஒரு பாட்டில், ஒரு துணி. யார் வழக்கோ அவர்கள் மட்டும் உள்ளே. கறுப்புக் கோட்டும் கவுனும் வேண்டாம் என்றார்கள். வெள்ளைச் சட்டையில் கௌதமன் சாரைப் பார்க்க, ஏதோ கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி இருந்தது.

முதல் நாள் விசாரணையை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர் நெடுஞ்சாலை முழுவதும் உள்ளே வந்துவிடும். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஹாரன் அடிக்கும். கடல் காற்றில் பிளாஸ்டிக் திரை படபடவென்று அடித்துக்கொள்ளும். சாட்சி மாஸ்குக்குள் பேசுவார், நீதிபதி திரைக்குள்ளிருந்து "என்ன?" என்பார்; தட்டச்சர் தனக்குக் கேட்டதை அடிப்பார். போலீஸ் சாட்சிகள் இரண்டு பேரை இப்படி முடித்தோம். ஏழுமலையை இடைவெளி விட்டு உட்காரவைக்க வேண்டும் என்று கூடத்தின் கடைசியில், கதவோரம் வைத்திருந்தார்கள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். பையனுக்கு விஷயம் புரிகிறது என்று நானும் திருப்தியாக இருந்தேன்.

கௌதமன் சார் மூன்றாவது சாட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார். "ஏழுமல, இப்ப இவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். அந்தக் கூடத்தில் அரசு வழக்கறிஞர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. ஏழுமலை எழுந்து நின்று, பழக்கத்தில் அதற்கும் தலையாட்டினான். அவனுக்கு இந்தக் கேள்வியும் கேட்கவில்லை. லாரி ஒன்று போய் முடிந்த பிறகு கௌதமன் சார் நீதிபதியிடம், "அய்யா, இந்த வழக்கு யாரைப் பற்றி நடக்கிறதோ அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மேற்கொண்டு நடத்த எனக்கு விருப்பமில்லை" என்றார்.

நீதிபதி கோபப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஜன்னலை மூடினால் தொற்று, திறந்தால் சத்தம். கைதியை முன்னால் கொண்டுவந்தால் இடைவெளி இருக்காது. கைதியின் வக்கீலே பேசாமல் இருக்க உமக்கு என்ன என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்து நானும் எழுந்து நின்று சார் சொன்னதையே சொன்னேன். இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் முறை. காணொளியில் நடத்தலாமே என்று ஒரு பேச்சு வந்தது. அதற்கு கௌதமன் சார் சொன்ன பதிலை எங்கள் சங்கத்தில் இன்றும் சொல்வார்கள்: "நீதிதேவதைக்குக் கண்ணைத்தான் கட்டியிருக்கிறார்கள் அய்யா, காதைக் கட்டவில்லை." அன்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. கட்டடம் சாலைச் சத்தத்தை மறைத்துவிடும். நிழல் அகலமானது, காற்று தாராளம். அடுத்த வாய்தாவுக்கு வந்தால் அதன் கீழ் நீதிபதிக்கு மேசை, நாற்காலி, தட்டச்சருக்கு ஒரு பெஞ்ச், சுண்ணாம்பால் தரையில் போட்ட வட்டங்கள். மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, பந்தல்காரரைத் தாஜா செய்து, எல்லாம் கௌதமன் சார் வேலை. வட்டத்துக்கு வட்டம் தானே நின்று பேசிப்பார்த்து, எங்கிருந்து எங்கே கேட்கிறது என்று பார்த்துக் கோடு போட்டாராம். மரத்திலிருந்து காகம் எச்சமிட்டால் யார் பொறுப்பு என்று நீதிபதி கேட்டார். அது அரசுத் தரப்பு பார்த்துக்கொள்ளும் என்றார் சார்.

ஏழுமலையின் வட்டத்துக்கு எதிரே போய் நின்று, சார் அவனிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "தபாரு, கேக்கலன்னா கைய தூக்கு. வெக்கப்படாத. உன் கேசு இது, உனக்குத்தான் மொதல்ல கேக்கணும்." அவன் வழக்கம்போலத் தலையாட்டினான். "தலைய ஆட்டாத நைனா, கைய தூக்கு" என்றார். ஒரு முறை தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அன்று பாக்கியம்மாள் சாட்சி. வயதானவர், இளைப்பு வேறு. ஆகவே அவருடைய வட்டம் காற்று வரும் பக்கம். சற்றுத் தள்ளி, மதில் ஓரமாகச் செத்துப்போன சேகரின் அம்மா கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தார். ஊரடங்கு தளர்ந்ததிலிருந்து ஒரு வாய்தாவையும் அவர் தவறவிட்டதில்லை. பாக்கியம்மாளுடையது மீன் கூவி விற்ற தொண்டை. மாஸ்க் போட்டும் கணீரென்று இருந்தது. அடித்ததைச் சொன்னார். சேகர் விழுந்ததைச் சொன்னார். அடித்தவன் அப்புறம் என்ன செய்தான் என்று கௌதமன் சார் கேட்டார். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் 'தப்பி ஓடிவிட்டார்' என்று ஒற்றை வரிதான் இருந்தது. பாக்கியம்மாள், "எங்க ஓடறது? முகத்துவாரத்துல குதிச்சி அக்கரைக்கு நீஞ்சிப் பூட்டான் சாமி. அந்த இழுப்புல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அந்தாண்ட கீறான்" என்றார்.

ஏழுமலை கையைத் தூக்கினான். நீதிபதி பேச்சை நிறுத்தி, கேட்கவில்லையா என்றார். பாக்கியம்மாளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் திரும்பச் சொன்னார். ஏழுமலை கையை இறக்கவில்லை.

"கேட்டுச்சிங்கய்யா" என்றான். "அதான் தூக்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது."

வழக்கின் நடுவில் குற்றம் சாட்டப்பட்டவர் இப்படிப் பேசக் கூடாது. அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்திருக்க வேண்டும். பின்னாலிருந்த இன்ஸ்பெக்டர் அதற்காகத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். கௌதமன் சார் பேசாமல் நின்றார். எனக்கு எதிராக எத்தனையோ வழக்குகளில் அவர் பேசாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து எதில் அடிக்கப்போகிறார் என்று கணக்குப் போடும் மௌனம் அது. அன்றைய மௌனம் வேறு. அவர் ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வியாசர்பாடிப் பையன் என்பதும், குப்பத்துப் பனியன் போட்டால் குப்பத்துப் பிள்ளை ஆகிவிட மாட்டான் என்பதும் அப்போதுதான் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். சாட்சி இதுவரை ஏழுமலையின் முகத்தை நேரில் பார்த்ததே இல்லை. மூடிய கூடத்தில் மாஸ்கைக் கழற்றுவது ஆபத்து, இங்கே திறந்த வெளி. அங்கே நின்ற வேறு இரண்டு விசாரணைக் கைதிகளையும், சீருடை போடாத ஒரு காவலரையும் ஏழுமலையோடு நிறுத்தலாம். சாட்சி தள்ளியே நிற்கட்டும், ஒருவர் பின் ஒருவராக மாஸ்கை இறக்கி மூச்சை அடக்கிக்கொண்டு முகம் காட்டட்டும் என்றார். இதை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்டது என் எதிர்க்கட்சி. நீதிபதி சம்மதித்தார். மூச்சை அடக்குங்கள் என்று நீதிபதியின் டவாலி சொன்னதும், காவலர் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

பாக்கியம்மாள் நாலு முகத்தையும் பார்த்தார். ஏழுமலையை மட்டும் அதிக நேரம் பார்த்தார். வழக்குச் சொத்தாக வைத்திருந்த பனியனைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதையும் பார்த்தார்.

"பனியன் அதான் சாமி. மூஞ்சி இது இல்ல."

அரசுத் தரப்புச் சாட்சி அரசுக்கு எதிராகப் பேசிவிட்டால், அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டு, அவரையே குறுக்கு விசாரணை செய்து கிழிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இன்ஸ்பெக்டர் அருகில் வந்து அதைத்தான் முணுமுணுத்தார். போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினாயே என்று பாக்கியம்மாளை மடக்க அரை நாள் போதும். நானும் அதைத் தடுக்கத் தயாராக எழுந்தேன். கௌதமன் சார் நீதிபதியைப் பார்த்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதவில்லை, மேற்கொண்டு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டரிடம் அவர் மெதுவாகச் சொன்னது என் வட்டத்துக்கும் கேட்டது. "அந்தம்மா பிறழல சார். நாமதான் பிறழ்ந்துட்டோம்."

ஏழுமலை விடுதலையானான். எல்லோரும் எனக்குக் கைகூப்பினார்கள். எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபோது கன்னியம்மாள் மதில் ஓரத்திலிருந்து எழுந்து வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. நேராக கௌதமன் சாரிடம் போனார். இடைவெளி எல்லாம் மறந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எம்புள்ளய அடிச்சவன் ஆரு நைனா?"

அழவில்லை, சபிக்கவில்லை. பதில் தெரிந்தவரிடம் கேட்பது போலக் கேட்டார். கப்பல் ஊதும் தொண்டை உள்ளவர், "தெரியலம்மா" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறு விசாரணை வேண்டும் என்று சார் போகாத அலுவலகம் இல்லை. அதிகாரிகள் மாறினார்கள். மஞ்சள் பனியன் போட்ட குப்பத்துப் பையன்களில் சிலர் வேறு கரைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த வழக்கு அப்படியே இருக்கிறது. கன்னியம்மாளும் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். பதில் கிடைக்காமலேயே போய்விட்டார் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

"ஜெயிக்கறது என் வேல இல்ல எதிர்க்கட்சி, நடத்தறதுதான் என் வேல" என்று சார் அடிக்கடி சொல்வார். அந்த வழக்குக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் டீக்கடையில் அவராகவே பேச்சை எடுத்தார். ஜாமீன் மனுவின்போது ஏழுமலையைத் திரையில் பார்த்தாராம். சிறையிலிருந்து அவன் ஏதோ வாயசைத்திருக்கிறான். அவன் பக்கம் ஒலி அடைத்திருந்தது. திறக்கச் சொல்ல இவருக்குத் தோன்றவில்லை. "இன்னா சொன்னான்னு கேக்கவே இல்ல நான். அப்பா பேஜாராக் கீறாருன்னு சொல்லியிருப்பான். வேற இன்னா சொல்லப்போறான்?" என்றார். அது சட்டப்படி சரியான எதிர்ப்புதான் என்று நான் ஆறுதல் சொன்னேன். சட்டப்படி சரி என்பது தெரிந்ததால்தான் தூக்கம் வரவில்லை என்றார்.

அடுத்த அலையில் அவருக்குத் தொற்று வந்தது. நீதிமன்றத்தில் வந்ததா, ஹவுசிங் போர்டில் ஒவ்வொரு சாவுக்கும் போய் நின்றாரே அங்கே வந்ததா, யாருக்கும் தெரியாது. மரத்தடிக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாக்கியம்மாளுக்குத் தும்மல்கூட இல்லை என்று மட்டும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பெருமையாகச் சொன்னார். பிழைத்து வந்தார். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அந்தக் குரல் போய்விட்டது. நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குகிறவர் அரசு வழக்கறிஞராக நீடிக்க முடியாது. பதவியை விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் புளியந்தோப்பில் ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டி ஏறியிருக்கிறார். ஓட்டியது ஏழுமலை. இதை ஏழுமலைதான் எனக்குச் சொன்னான்; சார் சொல்லவேயில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து சார், "ஏழுமல, உன் பெயில ரெண்டு தபா எதிர்த்தவன் நான்" என்றாராம். வண்டியில் மற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். ஏழுமலை கண்ணாடியில் பார்த்து, "தெரியும் சார். எங்க எறங்கணும்?" என்றானாம். அவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. வண்டி காலியாகும்வரை உட்கார்ந்திருந்து, உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னான். மறுநாளிலிருந்து அவருக்கு வண்டி வேண்டுமென்றால் இவன்தான் போவான்.

அவன் மன்னித்துவிட்டானா என்று நான் அவனைக் கேட்டதில்லை. கேட்டால் தலையாட்டிவிடுவானோ என்று பயம்.

கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனபோது, வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழே கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆக்சிஜன் குழாய் மூக்கில். நீதிமன்றச் செய்திகளை ஆசையாகக் கேட்டார். பிளாஸ்டிக் திரையை எடுத்துவிட்டார்கள், ஏ.சி. போட்டுவிட்டார்கள், மரத்தடி மறுபடி வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது என்றேன். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்போதாவது கேட்கிறதா என்றார். ஏ.சி. சத்தம் இருக்கிறது என்று சொன்னேன். ஏதோ பதில் சொன்னார். நான் குனிந்தும் பிடிபடவில்லை. "கேக்குதா எதிர்க்கட்சி?" என்றார். "கேக்குது சார்" என்றேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

போன வாரம் நீதிமன்றக் கூடத்தில் இரங்கல் கூட்டம். வழக்கறிஞர் ஒருவர் இறந்தால் வேலையை நிறுத்திவிட்டு, நீதிபதி மேடையில் நிற்க, நாங்கள் கீழே நிற்க, ஒருவர் அவரைப் பற்றி வாசிப்பது வழக்கம். எதிர்த்தரப்புதான் வாசிக்க வேண்டும் என்று சங்கத்தில் என்னைச் சொன்னார்கள். இந்தக் கட்டுரையின் முதல் சில வரிகளைத்தான் எழுதி எடுத்துப் போயிருந்தேன். மைக் வேலை செய்யவில்லை. தலைக்கு மேல் ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. தாளைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே போனேன்.

ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் கடைசியில், அன்று அவனை உட்காரவைத்த அதே கதவோரம், காக்கிச் சட்டையோடு ஏழுமலை நின்றிருந்தான். கையைத் தூக்கியிருந்தான். புதிதாக வந்திருக்கும் நீதிபதிக்கு விஷயம் தெரியாது, முகம் சுளித்தார். டவாலி அவனை வெளியே அனுப்ப நகர்ந்தார். பழைய ஆட்கள் நாங்கள் சிலர் அவனைப் பார்த்தபடியே நின்றோம்.

"அய்யா, அவருக்குக் கேட்கவில்லை" என்றேன்.

நீதிபதி ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைத் திறந்தார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது.

பலரும் பல விதமாக கௌதமன் சாரை நினைவு வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தத் தூக்கிய கைதான். அதைப் பார்த்தால் நிறுத்துவது. நிறுத்தி, முதலிலிருந்து சொல்வது. அன்றும் தாளைத் திருப்பி, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். கௌதமன் சாரின் பெயர் வந்தபோதுதான் ஏழுமலை கையை இறக்கினான்.